அட்டை பார்க்கும் வரிசை

1. யாரும் கை தூக்கவில்லை

மருத்துவச்சிப் பயிற்சி முடித்து, போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் நர்சாகச் சேர்ந்தேன். முதல் நாள் காலை, ஆள் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் நின்று, முழுகாமல் இருப்பவர்கள் கை தூக்கும்படி கேட்டேன். நாற்பது பெண்கள். ஒரு கைகூட உயரவில்லை. அடுத்த இரண்டு மாதமும் அப்படித்தான். நாற்பது பேரில் ஒருத்திகூட இல்லாமல் இருக்க முடியாது. யாரை, எப்போது, எந்த நிலையில் தூக்கி வருவார்களோ என்ற பயத்துடனே நாட்கள் போயின.

2. பாறை

மழை பிடித்தால் ஏலக்காட்டில் அட்டை அதிகம். வேலை முடிந்ததும் பெண்கள் ஒரு சரிவான பாறையில் ஒருத்திக்குக் கீழ் ஒருத்தியாக நிற்பார்கள். முட்டிக்குப் பின்பக்கம் தன் கண்ணுக்குத் தெரியாது. அதனால் மேலே நிற்பவளின் காலைக் கீழே நிற்பவள் பார்த்து, சுண்ணாம்பும் புகையிலையும் முடிந்த துணியால் ஒற்றி அட்டையை எடுப்பாள்.

ஒரு நாள் அந்த வழியாக வந்தேன். வரிசையில் மூத்தவளான பொன்னுத்தாயி கூப்பிட்டாள்.

“நர்சம்மா, ஒங்க கால்ல ரெண்டு தொங்குது. பெட்டிய வச்சுட்டு வந்து நில்லுங்க. படிச்ச ரத்தமான்னு அது கேக்கவா போகுது?”

எல்லாரும் சிரித்தார்கள். நின்றேன். பிறகு தினமும் நின்றேன். கை தூக்காத காரணமும் அங்கேதான் தெரிந்தது. முழுகாமல் இருப்பது தெரிந்தால், ஆட்களை மேய்க்கும் கங்காணி பெரட்டில் பேரை அடித்து வேலையை விட்டு நிறுத்திவிடுவார்.

3. பள்ளம்

ஒரு மாலை எனக்கு மேலே செல்லம்மா நின்றாள். அதிகம் பேசாதவள், இடுப்பைச் சுற்றிச் சாக்கு கட்டியிருப்பாள். அட்டையை எடுக்க என் கட்டைவிரலை ஊன்றிய இடத்தில் அவள் காலில் பள்ளம் விழுந்தது. விரலை எடுத்த பிறகும் பள்ளம் நிரம்பவில்லை. முன்னங்காலில் அழுத்தினேன். அங்கேயும் அதே. மெதுவாக மூன்று கேள்வி கேட்டேன். தலைவலி? இருந்தது. கண் மங்கல்? இருந்தது. மாதம்?

“எட்டு. எழுதிறாதீங்க நர்சம்மா, சோலி போயிரும்.”

மருந்தகத்தில் அவளுடைய சிறுநீரைச் சோதனைக் குழாயில் காய்ச்சினேன். தயிராகத் திரண்டது, சிறுநீரில் புரதம் போகிறது என்று அர்த்தம். ரத்த அழுத்தமும் ஏறியிருந்தது. எந்த நேரமும் வலிப்பு வரலாம். வந்தால், தாயையும் பிள்ளையையும் காப்பாற்றும் மருந்து என் அலமாரியில் கிடையாது.

4. ஜீப்பு

ஜீப்பைக் கங்காணிதான் அனுப்ப வேண்டும். அவர் என்ன நோவு என்று கேட்டார். சொன்னால் வேலை போகும், சொல்லாவிட்டால் ஜீப்பு வராது. என் பின்னாலேயே வந்திருந்த பொன்னுத்தாயி முந்திக்கொண்டாள்.

“முழுகாம இருக்கா. அவ பேர அடிச்சா, எங்க பேரயும் சேத்து அடிச்சிருங்கண்ணே.”

அவளுக்குப் பின்னால் பாறை வரிசை முழுவதும் நின்றது. கங்காணி அவர்களைப் பார்த்துவிட்டு, “வெரசா கூட்டிட்டுப் போங்க” என்றார்.

வளைவுக்கு வளைவு நாடி பார்த்தேன். வலிப்பு வந்தால் பற்களுக்கிடையே வைக்க, துணி சுற்றிய கரண்டி கையிலேயே இருந்தது. போடி ஆஸ்பத்திரி வாசல்வரை அது தேவைப்படவில்லை. மூன்றாம் நாள் பெண் குழந்தை பிறந்தது. கைக்குள் அடங்கும் அளவு, ஆனால் அழுதது. செல்லம்மாவும் பிழைத்தாள். அவள் பேரை யாரும் அடிக்கவில்லை.

நான் மலைக்குத் திரும்பிய மறுநாள், மூன்று பெண்கள் தாங்களாகவே வந்து மாதம் சொன்னார்கள்.

இப்போது புதிதாக வரும் நர்சுகளிடம் ஒன்று சொல்கிறேன். முதலில் உங்கள் காலை அவர்கள் பார்க்கட்டும்.