இடுப்பு பேசும் வயது

"இன்னைக்கு என்ன கொழம்பு?"

கேட்டுவிட்டு, இஞ்ச் டேப்பை வந்தவரின் இடுப்பில் தளர்வாகப் பிடித்தபடி காத்திருப்பார் மலர்க்கொடி. டேப் மேலே பட்டதும் மூச்சை உள்ளே இழுத்துக்கொள்ளாத பெண் திருச்சி மாவட்டத்திலேயே கிடையாது. ஆனால் "வத்தக் கொழம்பு, அப்பளம்" என்று சொல்ல வாயைத் திறந்தால் மூச்சு வெளியே வந்துதானே ஆக வேண்டும்? வயிறு தன் இயல்புக்குத் திரும்பும் அந்த நொடியில் அவர் விரல் சரியான எண்ணில் நின்றுவிடும். "முப்பத்தேழு" என்று நோட்டில் எழுதிக்கொண்டே, "அப்பளம் சுட்டதா, பொரிச்சதா?" என்பார்.

ஸ்ரீரங்கம் தெற்கு வாசல் பக்கம் ஒரு சந்தில், ஜெராக்ஸ் கடையை ஒட்டினாற்போல் இருக்கிறது அவருடைய தையல் கடை. பெண்களுக்கு மட்டும். வாசலருகே மெஷின், பின்னால் திரை போட்ட ஒரு மூலை. பதினோரு வருடமாக என் ஜாக்கெட்டுகள் அங்கேதான். நான் மறந்துபோன என் பழைய உடம்புகளெல்லாம் அந்த நோட்டில் பத்திரமாக இருக்கின்றன.

"நாப்பத்தஞ்சு வரைக்கும் இடுப்பு நம்ம பேச்சைக் கேக்கும்ங்க. அதுக்கப்புறம் அது பேசும், நாம கேக்கணும்" என்பது அவர் கட்சி. ஊர்ப் பெண்களை அளந்து கண்டுபிடித்தது. தனக்கு வந்தபோது மட்டும் அதை ஏற்க மறுத்தார்.

நாற்பத்தொன்பதில் அவருக்கு மாதவிலக்கு நின்றது. அதே கையோடு வயிறு முன்னால் வந்தது. இரவுச் சோற்றை நிறுத்தினார். மூன்று இட்லியை ஒன்றாக்கினார். மூன்று மாதம் கழித்து அளந்து பார்த்தால் ஒரு இஞ்ச் கூடியிருந்தது. "பட்டினியும் கெடந்து பெருக்கவும் செய்யணும்னா இது எந்த ஊரு நியாயம்?" என்று டாக்டரம்மாவிடம் சண்டைக்கே போனார்.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னாராம்: வயதோடு ஹார்மோன் குறைகிறது, இத்தனை நாள் தொடையில் தங்கிய கொழுப்பு இப்போது வயிற்றுக்குக் குடிவருகிறது, தசையும் தேய்கிறது, பட்டினி கிடந்தால் இன்னும் வேகமாகத் தேயும். பருப்பும் முட்டையும் சேருங்கள், எடை தூக்குங்கள்.

"எடை கூடிப்போச்சுன்னு போனா எடை தூக்கச் சொல்றாங்க!"

என்றாலும் தூக்கினார். ஐந்து லிட்டர் எண்ணெய் கேன்கள் இரண்டில் தண்ணீர் நிரப்பி, கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டு, கடை திறந்ததும் இருபது முறை உட்கார்ந்து எழுந்தார். முதல் நாள் ஜெராக்ஸ் கடை ஆசீர் பதறிக்கொண்டு ஓடி வந்தார். "அக்கா, எங்க கொண்டு போகணும்? குடுங்க, நான் தூக்குறேன்."

"நீ தூக்குனா உனக்குத்தான் கொறையும், போப்பா."

எட்டு மாதத்தில் குறைந்த எடை ஒன்றரைக் கிலோ. குறைந்த இடுப்பு இரண்டரை இஞ்ச். "தராசுக்கு என்னங்க தெரியும்? அதுக்குக் கொழுப்பும் ஒண்ணு, எலும்பும் ஒண்ணு" என்று அன்றோடு தராசை மதிப்பதை விட்டார்.

போன சித்திரையில் நான் கடையில் இருந்தபோது யமுனா வந்தார். கே.கே. நகரிலிருந்து இவ்வளவு தூரம் தேடி வரும் பழைய வாடிக்கை. நாற்பத்தாறு வயது. மகளுக்குக் கல்யாணம், இருபத்தாறு நாள்தான் இருந்தது. கணவர் ரெங்கராஜ் வாசலில் பைக்கை நிறுத்தி, இறங்காமலே சொன்னார்: "கொஞ்சம் பெருசாவே தைச்சுடுங்க. தின்னுட்டுத் தூங்குறதுதான் இவளுக்கு வேலை."

யமுனா தரையைப் பார்த்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போனார்.

"இன்னைக்கு என்ன கொழம்பு?"

யமுனாவின் குரல் கரகரத்தது. "எனக்குப் பசியே இல்லக்கா... அந்த ஃபேனைக் கொஞ்சம் நிறுத்துறீங்களா? குளிருது."

காவிரி மணலில் கால் வைத்தால் கொப்பளிக்கும் வெயில். எனக்கு முதுகில் வியர்வை ஓடிக்கொண்டிருந்தது. மலர்க்கொடி டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டார். முடி கொட்டுதா என்றார். கொட்டியது. வெளிக்கு ஒழுங்காகப் போகிறதா என்றார். நாலு நாளைக்கு ஒருமுறை. யமுனாவின் கையைப் பிடித்துப் பார்த்தார். அது வீங்கி, ஈரமில்லாமல் இருந்தது. நோட்டைப் புரட்டினார். நாலு மாதத்தில் கைச்சுற்று மட்டும் ஒன்றேகால் இஞ்ச் கூடியிருந்தது.

கல்யாண ஜாக்கெட்டுக்கு யமுனா கொண்டுவந்திருந்த பட்டுத் துணியை மடித்து பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு வாசலுக்கு வந்தார்.

"சார், ரத்தம் டெஸ்ட் பண்ணிட்டு வாங்க. தைராய்டு பாக்கச் சொல்லுங்க. அந்தச் சீட்டு வந்தாத்தான் தைப்பேன்."

"நீங்க டெய்லரா, டாக்டரா?"

"டெய்லர்தான். இந்த வெயில்ல குளிருதுன்னு சொல்ற பொம்பளைய அளக்க எனக்குக் கை வரல."

"அப்ப துணியக் குடுங்க, வேற கடையில குடுத்துக்கிறேன்."

"சாவி தொலைஞ்சுபோச்சு" என்றார் மலர்க்கொடி. சாவி அவர் கையிலேயே இருந்தது.

ரெங்கராஜ் பைக்கை உதைத்த உதையில் ஆசீர்கூட எட்டிப் பார்த்தார். அவர்கள் போனதும் மலர்க்கொடி தண்ணீர் குடித்தார். "தப்பா இருந்துச்சுன்னா ஒரு நல்ல வாடிக்கை போச்சு. கல்யாண நேரத்துல சாபமும் வரும்."

ஐந்தாம் நாள் ரெங்கராஜ் மட்டும் வந்தார். இந்த முறை பைக்கிலிருந்து இறங்கினார். சீட்டை மெஷின் மேல் வைத்தார். "தைராய்டு ரொம்பக் கம்மியா சுரக்குதாம். இன்னும் விட்டிருந்தா இதயத்துக்கே ஆபத்துன்னாங்க. நான்... வீட்டுல நெறைய பேசிட்டேங்க."

"அதை அவங்ககிட்ட சொல்லுங்க, என்கிட்ட எதுக்கு?" என்று பீரோவைத் திறந்தார் மலர்க்கொடி.

கல்யாணத்தில் யமுனா பெரிய அளவு ஜாக்கெட்டில்தான் நின்றார். தினமும் வெறும் வயிற்றில் போட்ட மாத்திரைக்கு மெதுவாகத்தான் பலன் தெரிந்தது. ஆடியில் அதே ஜாக்கெட்டோடு வந்தார். முக வீக்கம் வடிந்து, குரல் தெளிந்திருந்தது. "ரெண்டு இஞ்ச் பிடிக்கணும்க்கா. டாக்டர் இதுக்கு மேல ரொம்பக் கொறையாதுங்கிறாங்க. மீதி வயசோட கணக்காம்."

மலர்க்கொடி இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்துக் கொடுத்தார். யமுனா அதை உள்பக்கமாகத் திருப்பிப் பார்த்து, "மிச்சத் துணி உறுத்துமே, வெட்டிடுங்களேன்" என்றார்.

மலர்க்கொடி கத்தரியை எடுக்கவில்லை. அந்த இரண்டு இஞ்ச் துணியையும் உள்ளே மடித்து, எப்போது வேண்டுமானாலும் பிரிக்கிற மாதிரி கையாலேயே நூல் ஓட்டினார்.