பாவுக்கு அடியில் போன ரயில்

இரண்டாவது உலக யுத்தம் வருவதற்கு முந்தின வருஷம், தை மாதத்தில் ஒரு காலை. சேலத்துக்கு மேற்கே போகிற கிளை ரயில் பாதையில், எங்கள் நெசவாளர் தெருவை அந்தத் தண்டவாளம் குறுக்கே வெட்டுகிற இடத்தில் நடந்தது இது. அன்று எனக்குச் சேலத்தில் பத்து மணிக்கு ஆசிரியர் பயிற்சிக்கு ஆள் எடுக்கும் நேர்முகம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு ஒரு வருஷம் தறிக்கும் ஆகாமல் உத்தியோகத்துக்கும் ஆகாமல் இருந்தவனுக்கு, அந்தப் பத்து மணிதான் எல்லாம்.

எங்கள் தெருவைப் பற்றி ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். தறியில் ஏற்றுவதற்கு முன் நெடுக்கு நூலை முழு நீளத்துக்கும் வெளியில் இழுத்துக் கட்டிக் கஞ்சி தடவ வேண்டும். அதைத்தான் பாவு என்போம். கஞ்சி பட்ட பிறகு, நூல் காய்கிறவரைக்கும் வேரால் கட்டின பெரிய பிரஷ்ஷால் நீவிக்கொண்டே இருக்க வேண்டும். கையை எடுத்தால் நூலோடு நூல் ஒட்டிக்கொள்ளும், ஒரு மாத வேலை போய்விடும். அதற்கு நாற்பது கஜம் நேரான இடம் வேண்டும். எங்கள் தெருவில் அந்த நீளம் வேண்டுமானால் தண்டவாளத்தைத் தாண்டித்தான் கட்ட முடியும். காலை ஏழு மணி வண்டி போனதும் கட்டுவார்கள். மத்தியான வண்டிக்குள் அவிழ்த்துவிடுவார்கள். தப்பித் தவறி ஏதாவது வண்டி வந்தாலும் பனைமரங்களுக்கு மேலே புகை தெரிந்துவிடும். எங்கள் தெருவுக்குக் கடிகாரம், மணி, கொடி எல்லாமே அந்தப் புகைதான்.

அதற்கு முந்தின மார்கழியில் ரயில்வே ஆள் ஒருவர் வந்து, தண்டவாளத்தை ஒட்டிய கம்பத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார். நின்று படித்தேன். தை மாதம் இன்ன தேதி முதல், டீசல் எண்ணெயில் தானே ஓடும் ஒற்றைப் பெட்டி வண்டி ஒன்று காலை எட்டரைக்குப் போகும் என்று போட்டிருந்தது. ஓடத் தொடங்கும் நாளும் என் நேர்முக நாளும் ஒன்று. 'ஆகா, சௌகரியமாகப் போச்சு' என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை.

எதிர் வீட்டு மாமாவும் அத்தையும் அந்தப் பக்கம் நூல் மூட்டையோடு வந்தார்கள். மாமா என்னை எப்போதும் 'தொரை' என்றுதான் கூப்பிடுவார்.

"என்னங்க தொரை, காயிதம் என்ன சொல்லுது?"

என் மனம் முழுக்க நேர்முகத்தில் இருந்தது. "அது நம்ம சமாச்சாரம் இல்லீங்க மாமா. வண்டி நேரமுங்க" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

அவ்வளவுதான் நான் செய்தது. அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

நேர்முகத்துக்கு முதல் நாள் சாயங்காலமே, ஸ்டேஷன் உள்ள ஊரில் கூடப் படித்தவன் வீட்டுக்குப் போய்த் தங்கிவிட்டேன். ஸ்டேஷன் எங்கள் தெருவுக்கு மேற்கே மூன்று மைல். காலையில் புது வண்டிக்கு மாவிலைத் தோரணம் கட்டி, சந்தனம் தெளித்திருந்தார்கள். பார்ப்பதற்கு ஒரு பெரிய பஸ்ஸைத் தண்டவாளத்தில் தூக்கி வைத்தாற்போல் இருந்தது. கரி இல்லை, நீராவி இல்லை. உள்ளே இருந்தே டிரைவரின் தோளுக்கு மேலே கண்ணாடி வழியாகத் தண்டவாளம் முழுக்கத் தெரிந்தது. வெளுத்த சட்டை, மடியில் சர்டிபிகேட்டுகள் வைத்த துணிப்பை. முன் சீட்டில் உட்கார்ந்தேன். பக்கத்தில் சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கடைவீதிக்கு வெற்றிலைக் கூடை கொண்டு போகிற ஓர் அம்மாள்.

"புகையே காணோமே, இது எதைத் தின்னுட்டு ஓடுது?" என்றார்.

"எண்ணெயிங்க" என்றேன் பெருமையாக, நானே செய்த வண்டிபோல.

புகையே காணோம் என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

பனைமரங்கள் கடந்தன. வண்டி நல்ல வேகத்தில் இருந்தது. தூரத்தில் தண்டவாளத்துக்குக் குறுக்கே இடுப்பு உயரத்தில் வெள்ளையாக ஒரு கோடு. பார்த்த மாத்திரத்தில் அது என்னவென்று புரிந்துவிட்டது. "ஐயா நிறுத்துங்க! பாவு! பாவு!" என்று கத்திக்கொண்டே எழுந்தேன். டிரைவர் அதற்குள் பிரேக்கைப் பிடித்து ஹாரனையும் அழுத்திவிட்டார். அந்த ஹாரன் லாரி ஹாரன் மாதிரி. தெருவில் நின்றவர்கள் எல்லோரும் சட்டென்று திரும்பினார்கள். எடப்பாடி போகிற சாலையைப் பார்த்தார்கள்! தண்டவாளத்தை ஒருவரும் பார்க்கவில்லை. இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் நின்று அத்தை நீவிக்கொண்டிருந்தார்.

பழைய எஞ்சினாக இருந்தால் நின்றிருக்காது. இந்த வண்டி அவருக்கு ஒரு கட்டில் நீளத்துக்கு முன்னால் வந்து நின்றது.

டிரைவர் குதித்து இறங்கினார். திருச்சிப் பக்கத்து ஆள், பருத்த உடம்பு, நெற்றியில் அன்றைய சந்தனம். "என்னய்யா இது? தண்டவாளத்துல துணி காயப் போட்டிருக்கீங்க?"

"துணி இல்லீங்க" என்றார் மாமா. முகம் வெளிறியிருந்தாலும் வாய் மட்டும் அடங்கவில்லை. "இனிமேத்தான் துணி ஆகோணும்."

பின்னாலிருந்து கார்டு வந்தார். "அறுத்துத் தள்ளு! அடுத்த ஸ்டேஷன்ல எதிர் கூட்ஸ் நிக்குது. அஞ்சு நிமிஷம் தர மாட்டேன்."

"சித்த பொறுங்க சாமி, இப்பத்தான் கஞ்சி போட்டோம்" என்றார் அத்தை. கை மட்டும் நிற்கவே இல்லை. "இந்தப் பாவு போனா தை முச்சூடும் எங்க தறி சும்மா நிக்கோணும்."

"கம்பத்துல நோட்டீஸ் ஒட்டியிருக்கில்ல? கண்ணு தெரியலையா?" என்றார் கார்டு.

"கண்ணு தெரியுதுங்க" என்றார் மாமா. "எழுத்துத்தான் தெரியலை. எங்க தெருவுக்கும் படிச்சவன் ஒருத்தன் இருக்கானுங்க. அவங்கிட்டக் கேட்டோம். நம்ம சமாச்சாரம் இல்லைன்னு சொல்லிப்போட்டான்."

நான் படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தேன். அவர்கள் இன்னும் என்னைப் பார்க்கவில்லை. உள்ளே போய்க் கூடைக்குப் பின்னால் உட்கார்ந்துவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். உண்மையைச் சொல்வதென்றால் கால் ஒரு படி பின்னுக்கும் போயிற்று. கார்டு சட்டைப்பையிலிருந்து பேனாக்கத்தியை எடுத்தார். அப்போது இறங்கினேன்.

"அந்தப் படிச்சவன் நான்தானுங்க. தப்பு என் மேலே. நூலை அறுக்காதீங்க."

மாமா என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "அடடே! தொரை அதுலயே வாராரு!" என்றார். அந்த நாலு வார்த்தைக்கு நான் தண்டவாளத்துக்கு அடியில் புதைந்திருக்கலாம்.

கார்டு கத்தியை மடக்கவில்லை. எனக்கு மூளை வேகமாக ஓடியது. பாவை இறக்கினால் மண் ஒட்டும். சுருட்டினால் நூல் ஒட்டும். வண்டியைப் பின்னுக்கு அனுப்பக் கார்டு சம்மதிக்க மாட்டார். மிச்சம் இருந்தது மேலேதான்.

"தூக்கிப் பிடிக்கலாம் மாமா. வண்டி அடியில போகட்டும்."

"ரயிலுக்குப் பந்தல் போடறியா?" என்றார் கார்டு.

"ரெண்டு முனையிலயும் கயித்தத் தளர்த்தினா ஏறுமுங்க. நாற்பது கஜம் இருக்குது, நடுவுல மட்டுந்தான் தூக்கோணும்."

மாமா பாவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தார். கேலி போய்விட்டது. "ஏறும். ஆனா தூக்கின நேரத்துல நீவ முடியாது. வெசையா முடியோணும்."

டிரைவர்தான் தடுத்தார். "மேலே புகைக்குழாய் இருக்கு தம்பி. கொஞ்சம்தான் கக்கும், ஆனா வெள்ளை நூல் கறுத்துடும்." கொஞ்சம் யோசித்தார். "எஞ்சினை நிறுத்திடறேன். இங்கேருந்து தடம் லேசா இறக்கந்தான். ஆளுங்க தள்ளிக் கொடுத்தா உருண்டுடும்."

வெற்றிலைக்கார அம்மாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டார். "டிக்கெட்டும் வாங்கிப்போட்டு வண்டியவும் நாங்களே தள்ளோணுமா? நல்லா இருக்குதய்யா உங்க புது வண்டி!" சொல்லிவிட்டு முந்தானையை இழுத்துச் செருகி, முதல் ஆளாக வண்டியின் முதுகில் தோளைக் கொடுத்தவரும் அவர்தான்.

தெருக்காரர்கள் மூங்கில்களைக் கொண்டு ஓடிவந்தார்கள். தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்றாகப் பாவுக்கு அடியில் மூங்கில் கொடுத்து, அதன் நுனிகளை நீளமான கவைக்கம்புகளால் மேலே ஏற்றினோம். ஒரு கம்பு என் கையில். துணிப்பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றேன். பாவு எழும்ப எழும்பக் கஞ்சி சொட்டியது. தலையில், சட்டையில், சர்டிபிகேட் பையில். துடைக்கக் கை இல்லை.

"ஒட்டுக்காத் தள்ளுங்க!" என்று மாமா கத்தினார். பயணிகள் தள்ளினார்கள். வண்டி அசைந்தது; பிறகு மெதுவாக உருண்டது. டிரைவர் பிரேக்கில் கையை வைத்துத் தலையை வெளியே நீட்டி, எங்கள் பாவையே பார்த்துக்கொண்டு போனார். புகைக்குழாய்க்கும் நூலுக்கும் நடுவே ஒரு சாண்தான் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, 'இதையாவது விடக் கூடாது, இதையாவது விடக் கூடாது' என்று சொல்லிக்கொண்டே நின்றேன். வண்டியின் கடைசிச் சக்கரம் தாண்டியதும் அத்தை பிரஷ்ஷோடு வந்து எங்கள் பக்கத்தில் நின்றார். "இறக்குங்க, இறக்குங்க."

முழுக்கத் தப்பவில்லை. நடுவில் ஒரு முழத்துக்கு நூல் ஒட்டிப்போயிருந்தது. கொஞ்சம் அறுந்தும் இருந்தது. நான் குனிந்து பார்க்கப் போனேன். மாமா என் தோளைத் திருப்பி வண்டி பக்கம் தள்ளினார். "வண்டி நிக்குது பாரு, போ."

சேலத்தில் நான் போய்ச் சேர்ந்தபோது பத்தே முக்கால். என் பெயரைக் கூப்பிட்டு முடித்துவிட்டார்கள். கஞ்சி காய்ந்து என் சட்டை பலகைபோல் விறைத்திருந்தது. நான் திரும்பிப் போகவில்லை. மத்தியானம் அதிகாரி வெளியே வருகிறவரை வாசலில் நின்றேன். நடந்ததை மறைக்காமல், என் தப்பையும் சேர்த்துச் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார். இடம் நிரம்பிவிட்டது, அடுத்த வருஷம் நேரத்தோடு வா என்றார். அடுத்த வருஷம் போனேன், எடுத்துக்கொண்டார்கள். அன்று ஏழு மணி வண்டிக்கே போய்விட்டேன் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நேர்முகம் கைவிட்டுப் போன அன்று சாயங்காலம் தெருவுக்குத் திரும்பினேன். மாமாவும் அத்தையும் வெளியே பாவின் முன் உட்கார்ந்து ஒட்டிய நூல்களைப் பிரித்து, அறுந்ததை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் உட்கார்ந்து முடிச்சுப் போட்டேன். திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். வெளிச்சம் மங்குகிற நேரத்தில் மாமா எழுந்தார்.

"வா தொரை. அந்தக் காயிதத்த ஒருக்காப் படி."

கம்பத்தடிக்குப் போனோம். கூடவே தெருவில் பாதிப் பேர் வந்துவிட்டார்கள். முதல் வரியிலிருந்து கடைசியில் அச்சுக்கூடத்தின் பெயர்வரைக்கும் உரக்கப் படித்தேன். எல்லாம் சேர்த்து ஏழு வரி.

"இது நம்ம சமாச்சாரந்தானே சாமி?" என்றார் அத்தை.

மறுநாளிலிருந்து பாவைத் தெருவின் பின்னால் தரிசு நிலத்தில் கட்டினார்கள். அங்கிருந்த மேட்டைச் சமன் செய்ய நானும் மண்வெட்டி பிடித்தேன். யுத்தம் வந்து எண்ணெய் கிடைக்காமல் போனதும் அந்த ஒற்றைப் பெட்டி வண்டியை நிறுத்திவிட்டார்கள்; கம்பத்தில் இருந்த நோட்டீஸும் மழையில் கரைந்துவிட்டது. நான் இப்போது பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். சாயங்காலம் தெருவுக்குள் நுழையும்போது எந்தச் சுவரில் எந்தக் காகிதம் ஒட்டியிருந்தாலும் நின்று உரக்கப் படித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறேன். கேட்கிறவர் ஒருவரே ஆனாலும் கடைசி வரி வரைக்கும் படிக்கிறேன், ஏனென்றால் எது யாருடைய சமாச்சாரம் என்று முடிவு செய்யும் வேலையை எனக்கு யாரும் கொடுக்கவில்லை.