"இருக்கேன்" என்று சொல்லும் வேலை

அலுவலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயரே 'இருக்கேன் அக்கா'. இணையத் தாக்குதல் வந்தால் நாடுகள் ஒன்றையொன்று கூப்பிட ஒரு போன் உண்டு. இந்தப் பக்கம் அதை எடுப்பவள் அவள்தான். அவ்வப்போது சோதனை அழைப்பு வரும். "இருக்கேன்" என்று சொல்லி வைத்துவிட வேண்டும்.

"இதுக்கா சம்பளம்? என்னையும் சேர்த்துவிடுக்கா, நல்லாவே சொல்லுவேன்" என்பாள் தங்கை.

அந்தத் தங்கை பிரசவத்துக்குச் சேர்ந்திருந்த ஆஸ்பத்திரியில் அன்று கணினிகள் முடங்கத் தொடங்கின. வயிற்றுப் பிள்ளையின் இதயத்துடிப்பைக் காட்டும் திரைகளும் அணைந்தன. தாக்குதல் பக்கத்து நாட்டிலிருந்து வந்தது. இரு நாட்டுக்கும் பேச்சே அற்றுப்போய், தூதர்கள் மூட்டை கட்டியிருந்த நேரம் அது.

தகவல் வந்ததும் அக்கா அந்தப் போனில் பக்கத்து நாட்டை அழைத்தாள்.

"இருக்கேன்" என்றார் அந்தப் பக்கத்து அதிகாரி. சோதனை என்று நினைத்து உடனே வைத்தும்விட்டார்!

மறுபடி அழைத்தாள். "வச்சிடாதீங்க சார்! இது சோதனை இல்ல, நிஜம். ஆஸ்பத்திரியில என் தங்கச்சி இருக்கா."

"எந்த மெஷின்லேர்ந்து வருதுன்னு சொல்லுங்கம்மா."

சொன்னாள். அவள் டீ ஆறுவதற்குள் தாக்குதல் நின்றது. இரு நாட்டு மந்திரிகளும் முகம்கொடுத்துப் பேசாத நேரத்தில், முகமே தெரியாத ஒருவர் அதை நிறுத்தியிருந்தார்!

மாலையில் தங்கை கூப்பிட்டாள். "பையன்க்கா! நீ என்ன, வழக்கம்போல 'இருக்கேன்'னு சொல்லிட்டு உட்கார்ந்திருந்தியா?"

"ஆமாண்டி" என்றாள், அந்தப் போனை விட்டுக் கண்ணெடுக்காமல்.