பொத்தானை அழுத்தியவள்

சிவகாசியில் ஓர் ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறைக்கு என்னை நர்ஸாக மாற்றியபோது எனக்கு ஐந்து மாதம். அங்கே படமெடுப்பவரை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். கதிர் படாமல் காக்க அந்த அறையில் இருந்தது ஈயம் வைத்த ஒரே ஒரு ரப்பர் அங்கியும் ஒரு ஜோடி கையுறையும். முதல் நாளே அங்கியை எடுத்து என் தோளில் மாட்டிவிட்டார்.

"உங்களுக்கு, அண்ணாச்சி?"

"நீங்க ரெண்டு உசுரா இருக்கீக. எனக்குப் பழகிப்போச்சு."

பட்டாசு ஆலையில் வெடித்தால் வெடிமருந்து வாடையோடு பிள்ளைகளையும் தூக்கி வருவார்கள். கை முறிந்த பிள்ளை அசையாமல் கிடக்காது. கையுறை கனம், பிடி வழுக்குகிறது என்று அண்ணாச்சி வெறுங்கையால் பிடித்துக்கொள்வார். நான் அங்கியோடு தள்ளி நின்று, அவர் "ம்" என்றதும் பொத்தானை அழுத்துவேன். எனக்குப் பெண் பிறந்து வேலைக்குத் திரும்பிய பிறகும் அப்படியே நடந்தது. அங்கியை அவருக்குக் கொடுக்க மறந்துவிட்டேன். மறந்தேன் என்றுதான் இன்றுவரை சொல்லிக்கொள்கிறேன்.

சில வருஷங்களில் அவர் நகங்கள் கறுத்துப் பிளந்தன. வலது விரலில் வந்த புண் ஆறவே இல்லை. முதலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். பிறகு முழங்கைவரை. அப்புறமும் புற்றுநோய் அக்குளுக்கு ஏறியது.

மனிதர்கள் சந்திரனுக்குப் போவதாக வார்டு ரேடியோவில் செய்தி ஓடிய நாட்கள் அவை. ஒரு நாள் காலை நான் பக்கத்தில் இருந்தபோது, ரவுண்ட்ஸ் வந்த டாக்டரிடம் படுக்கையில் கிடந்த அண்ணாச்சி கேட்டார்:

"அங்கன வெட்டவெளியில கதிர் அம்புட்டு இருக்குமாமே. போறவுகளுக்கு ஈய அங்கி உண்டா, டாக்டர்?"

"அவ்வளவு கனத்தைத் தூக்கிட்டுப் போக முடியாது. சட்டுன்னு போயிட்டு சட்டுன்னு திரும்பிருவாங்க. அதுதான் அவங்களுக்குப் பாதுகாப்பு."

அண்ணாச்சி என்னைப் பார்த்துச் சொன்னார்: "நானும் சட்டுனு வெளிய வந்திருக்கணும், தங்கச்சி."

அந்தக் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அவர் தலையணையைச் சரிசெய்துவிட்டு, கட்டு மாற்ற வேண்டும் என்று டாக்டரிடம் சொன்னேன்.

ஐப்பசி மழைக்கு முன்பே போய்விட்டார். அடக்கம் முடிந்த மறுநாள் பிரசவ வார்டுக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்தேன். உடனே கிடைத்தது. எனக்குப் பதிலாகப் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணை அந்த அறைக்குப் போட்டார்கள். அவளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை.