மிஞ்சிய கேள்விக்குறிகள்

புதுக்கோட்டையில் பழைய தமிழ்க் கோப்புகளை இன்றைய யுனிகோடு முறைக்கு மாற்ற வேண்டுமென்றால் என் கடைக்குத்தான் அனுப்புவார்கள். பத்திர எழுத்தர், கோயில் கமிட்டிக்காரர், ஓய்வு பெற்ற வாத்தியார் என்று யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் ஆளாளுக்கு ஒரு முறையில் தமிழைத் தட்டி வைத்தோம். இன்றைக்கு அதைத் திறந்தால் திரை முழுக்கக் கிறுக்கல்தான். பைதான் என்ற கணினி மொழியில் இருபது வரி ஸ்கிரிப்ட் எழுதி ஓட்டினால் கிறுக்கல் தமிழாகிவிடும், வந்தவர் வாயைப் பிளந்து பார்ப்பார். எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன்.

யார் கோப்பைக் கொடுத்தாலும் முதலில் நகல் எடுத்து வைத்துவிட்டுத்தான் கை வைப்பேன். அதில் மட்டும் கறார்.

என் மனைவியின் கடிதங்களுக்கு நகல் எடுக்கவில்லை.

அவள் ஆவூர்க்காரி. கல்யாணமான நாலாம் மாதமே நான் குவைத்துக்குப் போய்விட்டேன். அவள் டவுனில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் டைப்பிங் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் பிள்ளைகள் சாப்பிடப் போனதும் அங்கேயே உட்கார்ந்து எனக்குக் கடிதம் தட்டி மின்னஞ்சலில் அனுப்புவாள். மகளை வயிற்றில் சுமந்த மாதங்களில் எழுதியவை அவை. அந்த மின்னஞ்சல் சேவையையே பிறகு மூடிவிட்டார்கள். நான் இறக்கி வைத்திருந்த கோப்புகள் மட்டும் கம்ப்யூட்டர் மாறி கம்ப்யூட்டராக என்னோடு வந்தன. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் சிறுநீரகம் கெட்டு அவள் போய்விட்டாள். எவ்வளவு காலமாக பி.பி. என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டதற்கு, "ஒரு ரெண்டு வருஷமாத்தான் சார்" என்று நான்தான் பதில் சொன்னேன்.

மகள் இப்போது பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து, இட்லி சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள்.

"அப்பா, நான் வயித்துல இருந்தப்ப அம்மா எழுதுன லெட்டரெல்லாம் வச்சிருக்கீங்கள்ல? போன்ல படிக்கிற மாதிரி மாத்திக் குடுங்க. அம்மாகிட்ட கேக்க வேண்டியதெல்லாம் இப்பத்தான் ஞாபகத்துக்கு வருது."

"அரை மணி நேர வேலை" என்றேன்.

என் மனைவி தட்டியிருந்தது டிஸ்கி என்ற பழைய முறை. அதற்கென்று நிதானமாக எழுதியிருக்க வேண்டும். நானோ, ஒரு கம்பெனியின் ஆங்கிலப் பெயர்ப்பட்டியலுக்காக எப்போதோ எழுதிய ஸ்கிரிப்டை எடுத்து ஒட்டுப்போட்டேன். அது கோப்பை ஆஸ்கியாகத் திறக்கும். ஆஸ்கிக்கு ஆங்கில எழுத்து, எண், நிறுத்தக்குறி தவிர வேறொன்றும் தெரியாது. முதல் கடிதத்திலேயே, இது புரியவில்லை என்று பிழை காட்டி நின்றது. மகள் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் போயும் போயும் என் ஸ்கிரிப்ட் நிற்பதாவது என்று எனக்குச் சுள்ளென்று வந்தது. புரியாததை விட்டுவிட்டு மேலே போகச் சொல்லும் 'இக்னோர்' என்ற ஒரு சொல்லைச் சேர்த்தேன். முடிவைப் பழைய கோப்பின் மேலேயே எழுது என்றும் அந்த ஸ்கிரிப்டில் இருந்தது. அதை நான் கவனிக்கவில்லை. என்டரைத் தட்டினேன். பிழை ஒன்றும் வரவில்லை. கண் மூடித் திறப்பதற்குள் எல்லாக் கடிதங்களும் முடிந்துவிட்டன.

அதற்குப் புரியாதது தமிழ் மொத்தமும்.

திறந்து பார்த்தேன். வெற்றிடம், நடுநடுவே புள்ளிகள். "சரி பண்ணிடலாம்மா, நீ போய்ப் படு" என்று மகளை அனுப்பிவிட்டு, அழிந்ததை மீட்கும் மென்பொருள் ஒன்று விடாமல் போட்டுப் பார்த்தேன். திருச்சிக்கு எடுத்துப்போய் ஒருவரிடம் காட்டினேன். அவர் உதட்டைப் பிதுக்கினார். பஸ்ஸில் திரும்பும்போது, பக்கத்து சீட்டில் ஆள் இருக்கிறார் என்றுகூடப் பார்க்காமல் அழுதேன்.

நாலாம் நாள் மகளிடம் உண்மையைச் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் தேவலை.

"மிச்சம் இருக்கறதையாவது காட்டுங்கப்பா."

பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். மேலே தேதி. அப்புறம் காற்புள்ளி, முற்றுப்புள்ளி. என் மனைவிக்குக் கோபம் வந்தால் ஆச்சரியக்குறி மூன்றாகப் போடுவாள், அதைப் பார்த்து இரண்டு பேரும் கொஞ்சம் சிரிக்கக்கூடச் செய்தோம். கேள்விக்குறிகள்தான் நிறைய இருந்தன. மகள் ஒரு கேள்விக்குறியில் விரலை வைத்தாள்.

"இங்க அம்மா என்ன கேட்டாங்க?"

"ஞாபகமில்லம்மா."

"இங்க?"

அதுவும் ஞாபகமில்லை.

ஏழாம் மாதத்துக் கடிதத்தில் ஆங்கிலத்தில் தட்டிய ஒன்று அப்படியே நின்றது. பி.பி., பக்கத்தில் 150/100. அதற்குப் பிறகு வரிசையாக மூன்று கேள்விக்குறி. தன் பிரசவ அட்டையில் அந்த எண்ணை மாதாமாதம் பார்க்கிறவள் மகள். அவள் விரல் அங்கேயே நின்றுவிட்டது.

"அம்மாவுக்கு அப்பவே பி.பி. இருந்திருக்கு. ஒங்களுக்குத் தெரியாதாப்பா?"

எனக்குத் தெரியாது. ஏன் தெரியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். குவைத்தில் கம்ப்யூட்டருக்கு மணிக்கணக்கில் வாடகை, வேலை முடிந்து போனால் உடம்பு அடித்துப்போட்ட மாதிரி இருக்கும். முதல் இரண்டு வரி பார்ப்பேன், கடைசி இரண்டு வரி பார்ப்பேன். நல்லாத்தான் இருக்கிறாள் என்று மூடிவிடுவேன். ஊருக்குப் போய் ஆற அமரப் படிக்கலாம் என்றுதான் இறக்கி வைத்தேன். அப்படி ஒரு நாள் வரவேயில்லை. அந்தக் கடிதங்களை அவளைத் தவிர இந்த உலகத்தில் யாரும் முழுதாகப் படித்ததில்லை.

மகளிடம் இதைச் சொன்னேன். அவள் லேப்டாப்பை மெதுவாக மூடிவிட்டு எழுந்து போனாள்.

டாக்டரிடம் ரெண்டு வருஷம் என்று நான் சொன்ன அன்று, கட்டிலில் படுத்திருந்தவள் தலையைத் திருப்பி என் முகத்தையே பார்த்தாள். மூக்கையும் வாயையும் மூடி ஆக்சிஜன் மாஸ்க் இருந்ததால்தான் ஒன்றும் பேசவில்லை என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.