தனியாக விடக் கூடாது

மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், எக்ஸ்ரே அறையை ஒட்டியிருக்கும் பிசியோதெரபி கூடத்தில் அவளுக்கு எல்லோரும் வைத்த பெயர் டேப் அக்கா. கழுத்தில் எப்போதும் தையல்காரர் டேப் ஒன்று தொங்கும். மேல்கோட்டின் ஒரு பையில் மூட்டு எத்தனை டிகிரி மடங்குகிறது என்று அளக்கும் பிளாஸ்டிக் கருவி, மறு பையில் ஸ்டாப் வாட்ச். நோயாளி வாசலில் செருப்பைக் கழற்றும்போதே எந்தக் கால் இழுக்கிறது, எந்தத் தோள் இறங்கியிருக்கிறது என்று சொல்லிவிடுவாள். கல்யாண வீட்டுக்குப் போனாலும் மாப்பிள்ளையின் இடுப்பு ஒரு பக்கம் சரிந்திருக்கிறது என்று புருஷன் காதைக் கடிப்பாள். "இங்கயாவது மனுஷங்களைப் பாரேன்" என்று அவர் தலையில் அடித்துக்கொள்வார்.

பத்தொன்பது வருஷமாக ஒரே படிவம், நான்கு பக்கம். முதல் பக்கத்தில் நோயின் கதை. இரண்டாவதில் தசையின் பலம், பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை. மூன்றாவதில் நிற்பது, நடப்பது, தடுமாறாமல் திரும்புவது. நான்காவது பக்கத்தில் ஒரே கேள்விதான்: 'நோயாளி எழுந்ததிலிருந்து தூங்கப் போகும்வரை என்ன செய்கிறார்?' கீழே பக்கம் முழுக்க வெறும் கோடுகள். கூட்டம் வாசல்வரை நிற்கும்போது அந்தக் கோடுகளையெல்லாம் நிரப்ப யாருக்கு நேரம்? முதல் கோட்டில் 'நலம்' என்று எழுதிப் படிவத்தை மூடிவிடுவாள்.

பயிற்சிக்கு வரும் மாணவர்களுக்கு முதல் பாடம் எடுப்பதும் அவள்தான். பலகையில் மூன்று வட்டம் போடுவாள். "உடம்புல இருக்கற குறை ஒண்ணு. அதனால செய்ய முடியாமப் போற வேலை ரெண்டாவது. நாலு பேரோட சேர்ந்து வாழ முடியாமப் போறது மூணாவது. முதல் வட்டத்தைச் சரி பண்ணிட்டா மத்த ரெண்டும் தானா சரியாயிடும்னு நினைச்சுடாதீங்க. படிக்கட்டு தடுக்கும், கதவு தடுக்கும், சில நேரம் மனுஷங்களே தடுப்பாங்க." தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒரு சொல் பிசகாமல் சொல்வாள். சொல்வதில் என்ன குறைச்சல்!

படிவத்தின் அடியில் விழும் ரப்பர் ஸ்டாம்பும் அவள் யோசனைதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நோயாளி வீட்டில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். எச்சரிக்கை எழுதிக் கொடுத்தீர்களா என்று நிர்வாகம் துறைத் தலைவரைக் குடைய, தலைவர் இவளைக் குடைந்தார். மறுநாளே ஸ்டாம்ப் செய்யச் சொல்லி வாங்கிவந்துவிட்டாள். 'கீழே விழும் அபாயம் உண்டு. தனியாக விடக் கூடாது.' ஊதா மை. சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போகிறவர் கால் சுளுக்கியவரோ பக்கவாதம் வந்தவரோ, எல்லோருடைய படிவத்திலும், வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் தாளிலும் டொக்கென்று ஒன்று. அதற்குப் பிறகு யாரும் யாரையும் குடையவில்லை.

கத்திரி அண்ணன் அவளுடைய பெருமைக்குரிய நோயாளி. முடிதிருத்தும் கடைக்காரர், வயது அறுபதுக்கு ஒன்று குறைவு. பக்கவாதத்தில் வலது கையும் காலும் விழுந்து, ஸ்ட்ரெச்சரில் வந்தவர். மூன்றே மாதத்தில் சொந்தக் காலில் நடந்து வீட்டுக்குப் போனார். அதன்பிறகு ஏழு மாதமாக, மாதம் ஒருமுறை மனைவி முழங்கையைப் பிடித்துக் கூட்டிவர, பரிசோதனைக்கு வந்துபோனார். பிடியின் பலம் ஏறிக்கொண்டே போனது. சமநிலைத் தேர்வில் ஐம்பத்தாறுக்கு ஐம்பத்துநான்கு. 'இந்த மார்க் எனக்கே வராது' என்று அக்கா சிரிப்பாள். அவரும் சிரிப்பார். நான்காவது பக்கத்தில் நலம்.

புதிய மாணவர்கள் வரும் திங்கட்கிழமை இவரையே நடக்கவைத்துக் காட்டலாம் என்று அவளுக்கு ஆசை. போனில் கூப்பிடுவதைவிட நேரில் அழைப்பதுதான் மரியாதை என்று சனிக்கிழமை மதியம் வீட்டைத் தேடிப் போனாள். முதல் மாடி, பதினாறு படி. பழக்கதோஷத்தில் எண்ணிக்கொண்டே ஏறினாள்.

அண்ணி கதவைத் திறந்தாள். கையில் கிண்ணமும் கரண்டியும். உள்ளே கட்டிலில் கத்திரி அண்ணன் கழுத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, குழந்தை மாதிரி வாயைத் திறந்து காத்திருந்தார்.

அக்காவுக்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை. "கைக்கு என்னண்ணா ஆச்சு? மறுபடி விழுந்துடுச்சா?"

"கைக்கு ஒண்ணுமில்லையே டாக்டரம்மா" என்று அவர் வலது கையைத் தலைக்குமேல் முழுசாகத் தூக்கிக் காட்டினார். நூற்றெழுபது டிகிரி இருக்கும்.

"அப்புறம் ஏன் அண்ணி ஊட்டி விடறாங்க?"

பதிலை அண்ணி சொன்னாள். "சாப்பிடறப்போ கை தவறிப் புரையேறிட்டா மேடம்? நான் ஒரு வேளைகூட அவரா சாப்பிட விட்டதில்ல." அவள் முகத்தில் அப்படியொரு பெருமை. பாராட்டை எதிர்பார்த்து நிற்கும் பள்ளிக்கூடத்துப் பிள்ளை முகம்.

அதற்குள் அண்ணன் எழுந்தார். அண்ணி கிண்ணத்தை வைத்துவிட்டு அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் கழிப்பறைக்குள் போனார்கள். இரண்டு பேரும்! கதவு சாத்தப்படவில்லை. சாத்தவும் முடியாது. தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நான்கு ஆணி ஓட்டைகள்தான் இருந்தன. அக்கா சட்டென்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். திருப்பிய கண்ணில் அது பட்டது.

லேமினேட் செய்து, நான்கு மூலையிலும் ஆணி அடித்து, சாமி படத்துக்கு நிகரான உயரத்தில் மாட்டியிருந்த தாள். அவளுடைய கையெழுத்து. அடியில் ஊதா மை.

தூக்கிவாரிப் போட்டது. கூடத்தில் மேசைமேல் கிடக்கும்போது அது வெறும் மைதான். இங்கே ஒரு வீட்டின் சட்டமாகச் சுவரேறி உட்கார்ந்திருந்தது.

"எவ்வளவு நாளா அண்ணி இப்படி?" இருவரும் வெளியே வந்ததும் கேட்டாள்.

"வீட்டுக்கு வந்த நாள்லேருந்துதான். ஏழு மாசம். ராத்திரிகூட ஒரு துணிய என் கையிலயும் அவர் கையிலயும் சேர்த்துக் கட்டிட்டுத்தான் படுப்பேன். எழுந்தா தெரியணும்ல? துணிக்கடை வேலைய விட்டுட்டேன். என் தங்கச்சி பொண்ணு கல்யாணத்துக்குக்கூடப் போகல. நீங்க எழுதினதை ஒரு நாள் மீறினதில்ல மேடம்."

அக்கா பேயறைந்தவள் போலக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். ஏழு மாதம். ஏழு முறை இந்த மனுஷரை நிற்கவைத்து, திருப்பி, குனியவைத்து, ஓடவிடாத குறையாக நடக்கவைத்து மார்க் போட்டிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் அவர் பதினாறு படி இறங்கிவந்து ஐம்பத்துநான்கு மார்க் வாங்கிக்கொண்டு, திரும்பப் போய் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார்மேல் என்று தெரியாமல் அவர்மேலேயே பாய்ந்தாள்.

"மாசாமாசம் வந்தீங்களேண்ணா! ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

கத்திரி அண்ணன் துண்டை அவிழ்த்து மடியில் வைத்தார். "நீங்க கேக்கலையேம்மா. கையத் தூக்குங்கன்னீங்க, தூக்கினேன். ஒத்தக் கால்ல நில்லுங்கன்னீங்க, நின்னேன். வீட்டுல என்ன பண்றீங்கன்னு எங்க கேட்டீங்க?"

அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. ஸ்டாப் வாட்ச் மாதிரி உள்ளதை மட்டும் சொன்னார். அதுதான் அவளை நார்நாராகக் கிழித்தது.

"கடை?" என்றாள்.

"திங்கக்கிழமை சாவியக் குடுக்கணும். செல்போன் ரிப்பேர்க்காரருக்கு. பையன் பேசி முடிச்சுட்டான். அவனையும் தப்பு சொல்ல முடியாது. தனியா விடக் கூடாதவன் கையில கத்தியக் குடுத்து யாரு கழுத்த நீட்டுவாங்க?" கொஞ்சம் நிறுத்தி, "எனக்கே பயம் வந்துடுச்சும்மா. படிச்சவங்க எழுதியிருக்காங்க, ஏதோ தெரியாம எழுதுவாங்களா?" என்றார்.

தெரியாமல்தான் எழுதினாள். பார்க்காமல்கூட எழுதினாள். அந்த ஸ்டாம்பைக் குத்தும்போது அடுத்த நோயாளியின் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருப்பாள்.

"அண்ணா, உங்களால தனியா நடக்க முடியும். தனியா சாப்பிட, குளிக்க, கடைக்குப் போக, எல்லாம் முடியும். அந்த ஸ்டாம்ப் எல்லாருக்கும் போடறது. என் தப்பு."

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "வாயால சொன்னா எடுபடாதும்மா. எழுதிக் குடுங்க" என்றார் அவர்.

பையிலிருந்து வெற்றுத்தாளை எடுத்து எழுதினாள். 'தனியாக விடலாம். விட வேண்டும்.' அண்ணி அதை வாங்கி இரண்டு முறை படித்தாள். திருப்பிப் பார்த்தாள்.

"ஸ்டாம்ப் இல்லையே மேடம்?"

அக்கா தன் போன் நம்பரை எழுதி, அதன் அடியில் இன்னொரு கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள். அண்ணிக்கு அரை மனசுதான். அதற்குள் கத்திரி அண்ணன் அலமாரியிலிருந்து கடைச் சாவியை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டிவிட்டார்.

"நீங்க ரெண்டு பேரும் இங்கயே இருங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

ஜன்னலிலிருந்து பார்த்தார்கள். கடைசிப் படியில் கைப்பிடியை விட்டார். தெருவின் ஓரமாக நடந்தார். தெருமுனையில் திரும்பி மறைந்தார். அண்ணி ஜன்னல் கம்பியைப் பிடித்த பிடியை விடவில்லை. தன்னை அறியாமல் அவளுடைய வலது கை இடுப்பு உயரத்தில் ஏதோ ஒரு முழங்கையைத் தாங்கிப் பிடித்தபடியே இருந்ததை அக்கா பார்த்தாள். அந்தக் கையை எந்தக் கருவியை வைத்து அளப்பது?

அரைமணி ஆகியும் ஆளைக் காணோம். இருவரும் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். கடை வாசலில் கத்திரி அண்ணன் படியில் உட்கார்ந்திருந்தார். விழவில்லை, அடி இல்லை. பின்னால் இரும்பு ஷட்டர் முழங்கால் உயரத்துக்கு மட்டும் ஏறி நின்றது. சட்டையெல்லாம் வேர்வை. ஆனால் முகம்! இந்தப் பத்து மாதத்தில் அக்கா பார்க்காத முகம்.

"கத்திரி பிடிக்கறதெல்லாம் பார்த்துக்கலாம் டாக்டரம்மா. இந்தச் சனியன் பிடிச்ச ஷட்டரைத் தூக்க முடியல. இதுக்கு என்ன பயிற்சி?"

அவளிடம் அவர் தானாகக் கேட்ட முதல் கேள்வி அது. அக்கா கழுத்திலிருந்த டேப்பை உருவிக் குனிந்து, தரையிலிருந்து ஷட்டரின் கைப்பிடிவரை அளந்தாள். இருபது அங்குலம். அண்ணன் பக்கத்தில் நின்றே மகனுக்குப் போன் போட்டார். "கடையக் குடுக்கறதில்லப்பா. ஷட்டர் மட்டும்தான் பாக்கி."

திங்கட்கிழமை அக்கா ஒரு மணி நேரம் முன்னாலேயே வேலைக்கு வந்தாள். ஸ்டாம்பைக் குப்பையில் போட்டாள். பழைய படிவங்கள் அடுக்கியிருந்த இரும்பு அலமாரியைத் திறந்தாள். மேலிருந்து கீழ்வரை கட்டுக்கட்டாகத் தாள்கள். ஒன்றை உருவி நான்காவது பக்கத்தைப் பார்த்தாள். நலம். அடுத்ததிலும் நலம். அடியில் ஊதா மை. இத்தனை வீட்டுச் சுவரா?

கைக்கு வந்த கட்டில் முதல் தாளை எடுத்தாள். ஆறு வருஷத்துக்கு முந்தியது. முட்டியில் அடிபட்ட லாரி டிரைவர், அப்போது நாற்பத்திரண்டு வயது. அதிலிருந்த போன் நம்பரை அழுத்தினாள். ஒரு பெண்குரல் எடுத்தது. அக்கா யாரென்று சொல்லி, அவர் இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்டாள்.

"டேப் அக்காவா?" அந்தக் குரல் பூரித்துப்போனது. "நல்லா இருக்காருக்கா. நீங்க எழுதிக் குடுத்த மாதிரியே பத்திரமா வச்சிருக்கோம். ஆறு வருஷமா ஒரு நாள்கூட அவரைத் தனியா விட்டதில்ல."