கதவைச் சாத்தி நலம் விசாரித்தேன்

டென்மார்க்கில் ஒருவரை மேனேஜர் ஆக்கும்போது, எதிரில் இருப்பவர் பேசுகையில் வாயை மூடிக்கொண்டிருக்க இரண்டு நாள் வகுப்பு எடுக்கிறார்கள். நான் வேலை செய்யும் ஹோட்டலில் அறை சுத்தம் செய்யும் பிரிவுக்கு என்னைப் பொறுப்பாக்கியதும் என்னையும் அனுப்பினார்கள். 'ட்ரிவ்சல்' என்று ஒரு சொல். வேலையிடத்தில் ஆள் வாடாமல் இருப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை ஒவ்வொருவரையும் தனியே அழை, கதவைச் சாத்து, எப்படி இருக்கிறாய் என்று கேள், பிறகு பேசாமலிரு. இதற்கு ஒரு வகுப்பா என்று சிரிப்பு வந்தது. ஆனால் என்னிடம் வேலை செய்யும் மெட்டே என்ற பெண் முதல் சந்திப்பிலேயே, காலையில் எழுந்ததும் நெஞ்சு படபடக்கிறது என்றாள். அவள் பங்கு குறையும்படி அறைகளை மாற்றிப் பிரித்துக் கொடுத்தேன். ஒரு மாதத்தில் முகம் தெளிந்துவிட்டது. இவ்வளவுதானா விஷயம் என்று எனக்கு ஒரே ஆச்சரியம்.

திருவண்ணாமலையில், செங்கம் சாலை லாட்ஜ் ஒன்றில் ஏழு வருடம் மேனேஜராக இருந்தவன் நான். அங்கே எனக்கு யாரும் எந்த வகுப்பும் எடுக்கவில்லை. முன்னால் இருந்தவர் கத்துவார், நானும் கத்தினேன். பௌர்ணமி கிரிவலத்துக்கு முப்பது அறையும் நிரம்பும். ஒருவர் காலி செய்வதற்குள் அடுத்தவர் பையோடு நிற்பார். அன்றைக்கு லீவு என்று வாயெடுத்தவரை நான் விட்டதில்லை.

போன மாதம் விடுமுறையில் வந்தபோது அந்த லாட்ஜுக்குப் போனேன். அன்று என்னிடம் ரிசப்ஷனில் இருந்த முபாரக்தான் இன்று மேனேஜர்.

"செல்வி வேலைய விட்டு நின்னுக்கறேன்னு சொல்லுதுண்ணா. காரணம் கேட்டா வாயே தொறக்க மாட்டேங்குது. அது போயிட்டா பௌர்ணமிய எப்படி சமாளிக்கிறது?" என்றார்.

என் காலத்திலிருந்தே, பன்னிரண்டு வருடமாக அங்கே அறைகளைச் சுத்தம் செய்பவர் செல்வி. வித்தைதான் கைவசம் இருக்கிறதே, நானே பேசுகிறேன் என்றேன்.

ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டேன். கதவைச் சாத்தினேன். "உக்காருங்க. எப்படி இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு, கற்றபடி பேசாமலிருந்தேன். செல்வி உட்காரவில்லை. இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"நானேதான் நின்னுக்கறேன்னு சொல்லிட்டேனே சார். இன்னாத்த திருடிட்டேன்னு கதவ சாத்துறீங்க?"

அந்த லாட்ஜில் ஒருவரைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினால் அது திருட்டு விசாரணை. அந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்தவனே நான்தான். மறந்தே போயிருந்தேன். வெட்கமாக இருந்தது.

கதவைத் திறந்தேன். இருவரும் மொட்டைமாடிக்குப் போனோம். காய்ந்த பெட்ஷீட்டுகளை ஆளுக்கொரு முனை பிடித்து மடித்தோம். நாலாவது பெட்ஷீட்டில்தான் பேச்சு வந்தது. வேலை ஜாஸ்தி என்பதல்ல குறை. பௌர்ணமியன்று வீட்டுக்குப் போகலாமா கூடாதா என்பது சாயங்காலம்தான் தெரிகிறதாம்.

"காலைலருந்து வீட்டு நெனப்பாவே இருக்கும் சார். முந்தின நாளே சொல்லிட்டா போதும்."

அதுவும் நான் போட்ட வழக்கம்தான். முபாரக்கை மேலே கூப்பிட்டுச் சொன்னேன். அவர் அங்கேயே பேப்பர் எடுத்து, வரும் பௌர்ணமிக்கு யார் எத்தனை மணி வரை என்று எழுதிக் காட்டினார். செல்வி அதை இரண்டு தடவை படித்தார். "இந்தப் பௌர்ணமி போவட்டும், பாக்கலாம்" என்றார். நான் எதிர்பார்த்தது இதைவிட அதிகம்தான்.

அப்போது போனில் மெட்டேயின் செய்தி வந்தது, அவள் படத்தோடு. நீங்கள் இல்லாமல் இங்கே நன்றாக இல்லை, சீக்கிரம் வாருங்கள் என்று எழுதியிருந்தாள். செல்வி எட்டிப் பார்த்தார்.

"யாரு சார் இது?"

"அங்க என்கிட்ட வேலை செய்யற பொண்ணு. ரூம் கிளீனிங்."

ஒரு கையில் போனும் மறு கையில் பெட்ஷீட் முனையுமாக நான் நிற்க, செல்வி அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"உங்ககிட்டயா? பாவம் சார் அந்தப் பொண்ணு" என்றார்.